கறுப்பு வெள்ளைக் குதிரைக்காரன் வாக்கு

கடிவாளத்தக் கொஞ்சம் தளர்த்திப் புடிங்கய்யா, வாய் கிழிஞ்சிரும், பாவம். விடச் சொல்லல, தளர்த்தத்தான் சொல்றேன். நான் எங்க ஓடிறப் போறேன்? இந்தப் பக்கம் கல்லுச்சுவரு, அந்தப் பக்கம் கல்லுச்சுவரு, முன்னால நீங்க நட்டு வெச்ச மாதிரி நிக்கிறீங்க. பின்னால திருப்பலாம்னா இந்தச் சந்துல ஒரு ஆடு திரும்பறதே கஷ்டம், குதிரை எங்கிட்டுத் திரும்ப? நல்லா மாட்டிக்கிட்டேன், போதுமா?

கேட்டுச்சுய்யா, நல்லாவே கேட்டுச்சு. கறுப்பு வெள்ளைக் குதிரைக்காரரே, கக்குவான் இருமலுக்கு என்ன நல்லதுன்னு கேட்டீங்க. தொப்பியக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டுக் கேட்டீங்க. டோலன் வீட்டு மனுசரு இந்த மைலி ஸ்டோக்ஸ் முன்னால தொப்பியக் கழட்டினாருன்னு நான் போய்ச் சொன்னா எங்காளுங்க நம்பமாட்டாங்க, எங்கடா குடிச்சேன்னு கேப்பாங்க. இல்லய்யா, கிண்டல் பண்ணல. புள்ளைக்காக ரோட்டுல எறங்கி ஓடி வந்த மனுசரக் கிண்டல் பண்ற அளவுக்கு நான் கெட்டவன் இல்ல. எத்தனை நாளா இருமுறான்? பேரு என்ன? யூஜின். நல்ல பேரு. டாக்டரு வந்து பாத்துட்டு, காலம்தான் ஆத்தணும்னு சொல்லிட்டுப் போயிட்டாரா. அவங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவாங்க. சாமியாரும் வந்து மந்திரிச்சுட்டாரு. அதுக்கப்பறம்தான் நம்ம ஞாபகம் வந்துச்சாக்கும்.

வழக்கம் எனக்கும் தெரியும். இந்த நெறத்துக் குதிரைமேல வர்றவன வழியில நிறுத்திக் கேக்கணும். அவன் யோசிக்கக்கூடாது, வாய்க்கு மொதல்ல என்ன வருதோ அதச் சொல்லணும். அவன் என்ன சொன்னாலும் கேட்டவங்க அப்படியே செய்யணும், கூட்டாம கொறைக்காம. காசு குடுக்கக்கூடாது, நன்றி சொல்லக்கூடாது. எங்கப்பன் சிம் ஸ்டோக்ஸ எல்ஃபின் ஊருப் பக்கத்துல ஒரு பொம்பள இப்படித்தான் நிறுத்தினா. அந்த நேரம் பாத்து வண்டியில கட்டின சாமானெல்லாம் சரியுது, எங்கப்பன் கயிறு கயிறுன்னு கத்திட்டான். அவ்வளவுதான், அவ விடுவிடுன்னு வீட்டப் பாத்து நடந்துட்டா. கயித்த என்ன செஞ்சாளோ, புள்ள இடுப்புல கட்டினாளோ கட்டில்ல கட்டினாளோ, புள்ள பொழைச்சிருச்சு. மறு வருசம் அந்த வழியாப் போறப்ப வெளிய வந்து ஒரு முழு ரொட்டிய எங்க வண்டியில வெச்சுட்டு, ஒரு வார்த்தை பேசாம உள்ள போயிட்டா.

அப்ப நீ ஏன்டா சொல்லாம முழிக்கிறேன்னு கேக்கறீங்க. நியாயம்தான். வார்த்தை வந்துச்சுய்யா. நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு, முழுங்கிட்டேன். என்ன வார்த்தைன்னு கேக்காதீங்க. வேணாம்னா விடுங்களேன். சரி, கேட்டுக்குங்க. கல்லு. கல்லுன்னுதான் வந்துச்சு. ஏன்னு உங்களுக்கே தெரியும். அந்த முக்குல, எங்க தாத்தன் காலத்துலேர்ந்து நாங்க வண்டி நிறுத்தற புல்லுத் தரையில, போன வருசம் வண்டி வண்டியாக் கல்லக் கொண்டாந்து கொட்டினது யாரு? நாய அவுத்து விட்டது யாரு? அது எனக்குள்ள அப்படியே கெடந்திருக்கு. நீங்க கேட்டவொடனே அதுதான் உருண்டு வந்துச்சு. நான் சொல்லியிருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க? செஞ்சுதானே ஆகணும். மூச்செடுக்க முடியாமக் கெடக்கற புள்ள நெஞ்சுல கல்லத் தூக்கி வெப்பீங்களா?

அதான் முழுங்கினேன். இப்ப வாயில அந்தக் கசப்பு போற வரைக்கும் வேற எதையாவது பேசிக்கிட்டிருக்கணும். நல்ல வார்த்தை தானா வரும், வந்தாத்தான் பலிக்கும். எறங்கிப் பேசலாம்னா அதுவும் முடியாது. இந்தக் குதிரைமேல உக்காந்திருக்கற வரைக்கும்தான் நான் வைத்தியன், எறங்கினா ஊரு ஊராச் சுத்தித் தகரப் பாத்திரம் அடிக்கற தகரக்காரப் பய. நீங்களும் பதில் வாங்காம விடப்போறதில்ல. ஆக வார்த்தை வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் இந்தச் சந்துலயேதான் கெடக்கணும். மழை வேற புடிக்கப் போகுது.

குதிரையப் பத்திப் பேசறேன். அதுல எனக்குக் கசப்புக் கெடையாது. இவ பேரு பெக்கி. மூஞ்சிய அப்படிச் சுளிக்காதீங்க, அவளுக்குப் புரியும். ஆமா, குட்டைதான். ஆமா, வயிறு பெருசுதான். முழங்கால்லேர்ந்து கொளம்பு வரைக்கும் மயிரு மூடிக் கெடக்கு, சேத்துல நடந்தா தொடப்பம் மாதிரி ஆயிரும், அதுவும் ஒத்துக்கறேன். உங்க கொட்டடியில ஒரு செவலைப் பெட்டை நிக்கிதே, ஒசரமா, அதுக்கு சர்க்கார் புஸ்தகத்துல பேரு இருக்கும், அப்பன் பேரு இருக்கும், பாட்டன் பேரு இருக்கும். இவளுக்கும் இருக்கு, எங்க வாயில இருக்கு. எங்கம்மா கிரேசி ஜெபமாலை சொல்ற மாதிரி சொல்லுவா, எந்தப் பெட்டைக்கு எந்தப் பொலிக்குதிரை, எந்தச் சந்தையில, என்ன குட்டின்னு. அந்த வரிசையில மொத ஆளு யாரு தெரியுமா? சொன்னா நீங்க கோவப்படுவீங்க. இவ பாட்டியப் பெத்தவ உங்க கொட்டடியில பொறந்தவ.

நெசமாத்தான். உங்க பெரியப்பா மலாக்கி டோலன் இருந்தாரே, அவரு காலத்துல. ஜெர்மன்காரனோட அந்தப் பெரிய சண்டை ஆரம்பிச்ச சமயம். பட்டாளத்துக்குக் குதிரை வேணும்னு ஆளுங்க ஊரு ஊரா வந்தாங்க. செவலை, பழுப்பு, கறுப்பு, எது நின்னாலும் ஓட்டிக்கிட்டுப் போனாங்க. ஏரு ஓட்டிக்கிட்டிருக்கறதக் கூடக் கலப்பையிலேர்ந்து அவுத்துக்கிட்டுப் போனாங்களாம். ஒரே ஒரு நெறம் மட்டும் வேணாம்னுட்டாங்க. இந்தக் கறுப்பு வெள்ளை. தூரத்துலேர்ந்தே பளிச்சுன்னு தெரியுமாம், எதிரி பீரங்கிக்காரன் குறி வெச்சுருவானாம். வேட்டைக்குப் போற தொரைமாரும் அத ஏறிட்டுப் பாக்கமாட்டாங்க. இந்த நெறத்துல ஒரு குட்டி விழுந்தாலே உங்காளுங்களுக்கு வெளிய தலை காட்ட முடியாது, மாட்டுக்குப் பொறந்ததாடான்னு பக்கத்துக் காட்டுக்காரன் சிரிப்பான்.

உங்க பெரியப்பாகிட்ட அப்படி ஒண்ணு இருந்துச்சு. மனுசரு கொட்டடிக் கதவச் சாத்திக்கிட்டு, புகைக்கரியையும் கொழுப்பையும் கொழைச்சு வெள்ளை இருந்த எடமெல்லாம் பூசி, முழுக் கறுப்பா ஆக்கிப்புட்டாரு. பாலினஸ்லோ சந்தைக்கு ஓட்டிக்கிட்டுப் போனாரு. பட்டாளத்து அதிகாரி பல்லப் பாத்தாரு, காலத் தூக்கிப் பாத்தாரு, திருப்தியாத் தலையாட்டிட்டாரு. அப்பப் பாத்து மழை. அக்டோபர் மாசம் பாலினஸ்லோவுல மழை வரும்னு கைப்புள்ளைக்கும் தெரியும், உங்க பெரியப்பாவுக்குத் தெரியல. அதிகாரி கையுறை, சட்டை, பூட்சு எல்லாம் கறுப்பா ஒழுகுது. சந்தையே வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சுது. அந்த அதிகாரிய விட்டா சிரிக்காதவங்க ரெண்டே பேரு, ஒண்ணு உங்க பெரியப்பா, இன்னொண்ணு எங்கப்பன். அவன் மழையில நின்னுக்கிட்டு, அந்தப் பெட்டையோட சொந்த நெறம் கொஞ்சம் கொஞ்சமா வெளிய வர்றதையே பாத்துக்கிட்டிருந்தானாம். சாயங்காலம் ஒரு வாளியும் ஒரு தகரக் கெண்டியும் குடுத்து வாங்கிட்டான். உங்க பெரியப்பா பேரம் முடிஞ்சதுக்கு அடையாளமா உள்ளங்கையில எச்சியத் துப்பி எங்கப்பன் கையில அடிச்சு, கண்ணுல படாம கொண்டுபோயிருன்னாராம்.

கதை கட்டலய்யா. உங்க வீட்டுல சொல்லியிருக்கமாட்டாங்க, சொல்ற மாதிரி அதுல என்ன இருக்கு. அயர்லாந்து முழுக்க இப்படித்தான், உங்களுக்கு வேணாம்னு தள்ளினதெல்லாம் எங்ககிட்ட வந்து சேந்துச்சு. உங்களுக்கு அவமானமா இருந்த நெறம், எங்களுக்கு அதுதான் வசதி. பனி மூடின காலையில ரோட்டோரம் மேயற நம்ம குதிரை எதுன்னு பாத்தவொடனே தெரியும். எவனாவது ஓட்டிக்கிட்டுப் போயிட்டா, அந்தக் கழுத்துல வெள்ளை விழுந்தது எங்களுதுன்னு ஊரே சாட்சி சொல்லும்.

ஆனா உங்க பெரியப்பா பெட்டை லேசுப்பட்டதில்ல. கால் நீளம், மூளை கம்மி. காத்துல ஒரு துணி ஆடினா வண்டியோட பள்ளத்துல எறங்கிரும். தீனியும் அதிகம், எங்களுக்கு ஏது வயக்காடு, ரோட்டோரப் புல்லுதான். எங்கம்மாதான் சொன்னா, இவளக் கொஞ்சம் கீழ எறக்கணும்னு. கானமாரா மலையிலேர்ந்து மீன் விக்க வந்தவன் ஒருத்தன்கிட்ட குட்டைக் குதிரை ஒண்ணு, பாறையில வளந்தது, முள்ளத் தின்னு பொழைக்கற ஜாதி. அதோட சேத்தா. அந்தக் குட்டி கெட்டி, ஓட்டம் நல்ல ஓட்டம், ஆனா கால் ஒல்லி. நாங்க குடியிருக்கற கூண்டு வண்டிய மேட்டுல ஏத்தறப்ப நடுங்கும். அப்பறம் டப்ளின் போனப்ப நிலக்கரி வண்டி இழுக்கற ஒரு பொலிக்குதிரையப் பாத்தா, ஒவ்வொரு காலும் தூண் கணக்கா, கொளம்ப மூடி மயிரு. அந்த வண்டிக்காரன் சம்சாரத்துக்குக் கைரேகை பாத்து ஏதோ சொல்லி, எப்படியோ காரியத்த முடிச்சுட்டா. எங்க அக்காளுக்கு மாப்பிள்ளை பாத்தப்ப கூட அவ இவ்வளவு மெனக்கெடல. அக்காளே சொல்லிச் சிரிப்பா, நான் நாலு காலோட பொறந்திருந்தா எனக்கும் நல்ல எடம் அமைஞ்சிருக்கும்னு.

ஒடம்பு மட்டும் பாத்தாப் பத்தாதுய்யா, கொணம் பாக்கணும். எங்களுக்குக் கதவு கெடையாது, சுவரு கெடையாது. புள்ளைங்க தவழ்ந்து போய்க் குதிரை வயித்துக்கு அடியில தூங்கும். அங்க ஒரு தடவ காலத் தூக்கினா போச்சு, அடுத்த சந்தையில வித்துருவோம். யாருக்கு விப்போம்? உங்களுக்குத்தான். கோவக்காரக் குதிரையெல்லாம் உங்க பக்கம் வந்துச்சு, சாதுவெல்லாம் எங்ககிட்ட தங்குச்சு. இப்ப பாருங்க, நீங்க எவ்வளவு நேரமா வாயப் புடிச்சு இழுத்துக்கிட்டு நிக்கிறீங்க, அவ உங்க கோட்டு நுனியத்தான் மோந்து பாக்கறா.

எங்களப் பாத்து நீங்கல்லாம் என்ன நெனைக்கிறீங்க, இவங்களுக்கென்ன கவலை, நெனைச்ச எடத்துக்குப் போறாங்கன்னு. நெனைச்ச எடம்னு ஒண்ணு இருக்காய்யா? இருக்கற எடத்துல இருக்கக்கூடாது, அவ்வளவுதான் எங்களுக்கு. இங்க போலீஸ்காரரு கெளம்புன்னா ஆத்துக்கு அந்தப் பக்கம் போவோம், அங்க இன்னொரு போலீஸ்காரரு நிப்பாரு. இன்னிக்கும் பொழுது சாயறதுக்குள்ள கெளம்பணும்னு உத்தரவு. இந்தக் குதிரைய அதுக்குத் தகுந்த மாதிரிதான் நாங்க ஆக்கி வெச்சோம். நாள் பூரா நிக்காம நடக்கும், நிறுத்தின எடத்துல கட்டாம நிக்கும், விரட்டினா வண்டியில பூட்டத் தானா வந்து தலையக் குடுக்கும். எங்க கொணமா அவ கொணமான்னு எனக்கே தெரியல.

என்ன கேட்டீங்க? ஆமா, இவ அம்மா செத்துப் போச்சு. இவளப் போட்டப்பவே, மழையில, ரோட்டோரத்துல. கால் மடங்கிக் கெடந்தா இவ, ஈரத்தோட. விட்டுட்டுக் கெளம்பலாம்னான் எங்கப்பன். எங்கம்மா கேக்கல. கூண்டு வண்டிக்குள்ள தூக்கிப் போட்டுக்கிட்டா, நாங்க புள்ளைங்கல்லாம் வெளிய படுத்தோம். ஒரு வெள்ளாட்டப் புடிச்சாந்து, பாலக் கறந்து வெதுவெதுப்பாக் காய்ச்சி, துணியில நனைச்சு நனைச்சு... வெள்ளாட்டுப் பாலு.

வந்துருச்சுய்யா. கேட்டீங்கள்ல, வெள்ளாட்டுப் பாலு. காய்ச்சி, வெதுவெதுன்னு, துணியில நனைச்சுக் குடுங்க. நான் யோசிக்கல, தானா வந்துச்சு, நீங்களே பாத்தீங்க. இதுதான் வாக்கு. ஆட்டுக்கு எங்க போறதா? ஏன், உங்க பின்கட்டுலயே கட்டிக் கெடக்கே, கொம்பு ஒடிஞ்ச வெள்ளாடு, காலையில பாத்தேனே.

அது... பாத்தேன். சுவரு தாழ்வா இருந்துச்சு, குதிரைமேலேர்ந்து தெரிஞ்சுது. காசெல்லாம் உள்ள வைங்க. நன்றியும் சொல்லிறாதீங்க, பலிக்காமப் போயிரும். தொப்பியப் போட்டுக்குங்க.

கொஞ்சம் நில்லுங்கய்யா. ஒரு நிமிசம். கடிவாளத்த விட்டுட்டீங்க, தெரியும், நான் இப்ப போகலாம். வழியும் விட்டுட்டீங்க. நான்தான் போகல. போய்ப் பாலக் கறக்கணும்னு உங்களுக்கு அவசரம், எனக்கும் அவசரம்தான். கேட்டுட்டுப் போங்க.

காலையிலேர்ந்து உங்க கேட்டுக்கு முன்னால நான் எத்தனை தடவ போனேன்னு பாத்தீங்களா? இந்தச் சந்துல திரும்ப முடியாதே, ஒவ்வொரு தடவையும் பெரிய ரோடு வழியாச் சுத்திக்கிட்டு மறுபடி இதே வழி வந்தேன். கடையில சொன்னாங்க, டோலன் வீட்டுப் பையனுக்குக் கக்குவான் இருமல்னு. இவரு எப்படியும் ஒரு தடவ ஜன்னல் வழியாப் பாப்பாரு, பாத்தா ஓடி வருவாருன்னு கணக்குப் போட்டேன். நானா வந்து உங்க கதவத் தட்டியிருந்தா நாயத்தானே அவுத்து விட்டிருப்பீங்க? நீங்களா வந்து என்னை நிறுத்தணும்னுதான் வந்தேன்.

எங்க செலியாவுக்கும் அதே இருமல்தான். பொம்பளப் புள்ள, இப்பத்தான் நடை பழகுறா. சந்து முக்குல கூண்டு வண்டியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா என் சம்சாரம் வின்னி. காத்து இந்தப் பக்கம் திரும்பினா சத்தம் கேக்கும். கேக்குதா? அதுதான். உங்க பையனும் இப்படித்தானே இழுக்கறான்? உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. நேத்து இருமி முடிச்சுட்டு மூச்சு திரும்பல, ஒதடு நீலம் பாரிச்சுருச்சு. வின்னி தலைகீழாப் புடிச்சு முதுகுல அடிச்சுத்தான் மூச்ச வரவெச்சா. எங்க அண்ணன் புள்ளை ஒண்ணு போன குளிருக்கு இதுலதான் போச்சு.

நீதான் கறுப்பு வெள்ளைக் குதிரைக்காரனாச்சேன்னு கேக்கறீங்க. அங்கதான்யா மாட்டிக்கிட்டேன். தன் வாக்கு தன் வீட்டுக்குப் பலிக்காது. வின்னி என்னை இவ மேல ஏத்தி உக்காரவெச்சுக் கேட்டுப் பாத்தா. வெங்காயம்னேன், குடுத்தோம், ஒண்ணும் ஆகல. எங்க அண்ணனக் கேட்டோம். ரத்த சொந்தம், அதுவும் பலிக்கல. வழியில எதிர்ல வந்தவங்களையெல்லாம் கேட்டாச்சு, ஒருத்தன் என் சித்தப்பன் மவன், ஒருத்தன் அவ மாமன். இந்த நெறத்துக் குதிரைமேல வர்றவன் எவனைப் பாத்தாலும் எனக்கோ அவளுக்கோ சொந்தமாத்தான் இருக்கான். வேற யாரு இதுல ஏறுவாங்க? உங்களுக்குத்தான் இந்த நெறமே ஆகாதே. நீங்கல்லாம் வேணாம்னு சொல்லி, நாங்களே வெச்சுக்கிட்டு, நாங்களே வளத்து, எங்களுக்குள்ளயே சுத்த விட்டு, இப்ப பாருங்க, ஊருல உள்ளவங்கல்லாம் எங்களக் கேக்கலாம், எங்களுக்குக் கேக்க ஒரு ஆளு இல்ல.

அதனால எறங்கறேன். எறங்கிட்டேன். இப்ப நான் தகரக்காரன்தான். நீங்க ஏறுங்க.

உங்க காரியம் முடிஞ்சுது, நீங்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போனாலும் உங்க பையனுக்குச் சொன்ன வாக்கு வாக்குதான், அத நான் திருப்பி வாங்க முடியாது. மொதல்ல அவரக் குதிரைமேல ஏத்து, அப்பறம் அவருக்கு வாக்கு சொல்லுன்னுதான் வின்னி சொல்லி அனுப்பினா. எனக்கு மனசு வரல. புள்ள மூச்ச வெச்சுப் பேரம் பேசறதான்னு இருந்துச்சு. இப்ப கெஞ்சிக் கேக்கறேன், ஏறுங்கய்யா. யாரு பாக்கப் போறா, ரெண்டு பக்கமும் ஆள் ஒசரச் சுவரு. டோலன் வீட்டு மனுசரு தகரக்காரன் குதிரைமேல உக்காந்தாருன்னு நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். அப்படியே சொன்னாலும் என் பேச்ச எவன் நம்புவான்? உங்க கொட்டடி ரத்தமும் இவகிட்ட ஓடுது, அந்நியம்னு நெனைக்காதீங்க.

என் கையில கால வைங்க. பூட்சுல சேறு இருந்தா இருக்கட்டும். அப்படித்தான். பிடரி மயிரப் புடிச்சுக்குங்க, அவளுக்கு வலிக்காது. ஆடமாட்டா. ஏன்யா அழறீங்க? அழாதீங்க, அப்பறம் எனக்கும் வந்துரும்.

கறுப்பு வெள்ளைக் குதிரைக்காரரே, கக்குவான் இருமலுக்கு என்ன நல்லது?

என்னது? இல்ல, திருப்பிச் சொல்ல வேணாம், கேட்டுருச்சு. இந்த ஈரத்துல ஏன்டா வெச்சிருக்கீங்க, உள்ள கொண்டுபோய் அடுப்புப் பக்கத்துல படுக்க வைங்கடான்னீங்க. யோசிக்காமத்தான் சொன்னீங்க, பாத்தேன், சட்டுன்னு வந்துச்சு. நல்ல வார்த்தைய்யா. இதுக்கு மேல நல்ல வார்த்தை எவன் வாயிலயும் வராது.

உள்ளன்னா எங்கய்யா?

இல்ல, கேக்கறேன். அப்படியே செய்யணுமே, கூட்டாம கொறைக்காம. கூண்டு வண்டியில அடுப்பு கெடையாது, மேல இருக்கறது கித்தான் துணி, அதுலயும் ஒழுகுது. பொழுது சாஞ்சா அதுவும் ரோட்டுல போயிக்கிட்டிருக்கும். எங்களுக்கு வெளிய மட்டும்தான் இருக்கு, உள்ளன்னு ஒண்ணு கெடையாது. இந்த ஊருல தகரக்காரன் புள்ளைய அடுப்புப் பக்கத்துல படுக்கப் போட எந்த வீட்டுக் கதவு தொறக்கும்னு நீங்களே சொல்லுங்க. உங்களுக்குத்தான் இந்த ஊரு தெரியும்.

மாத்திச் சொல்லக் கூடாதுய்யா. வேற ஏதாவது சொல்றேன்னு ஆரம்பிக்காதீங்க, மொத வாக்குதான் கணக்கு. எறங்கவும் எறங்காதீங்க. உங்க புள்ளைக்கும் எங்க புள்ளைக்கும் ஒரே இருமல், ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு ஒட்டறதுக்கு இனிமே என்ன இருக்கு? ஆட்டுப்பாலக் காய்ச்சறது காய்ச்சறீங்க, இன்னொரு துணி நனைச்சா ஆச்சு. நான் வரமாட்டேன், வேணும்னா வின்னியும் வாசல்லயே நிப்பா. எதுக்குத் தலையாட்டறீங்க, வேணாம்னா, சரின்னா?

சரி, வாயத் தொறந்து சொல்ல வேணாம். அப்படியே உக்காந்திருங்க, பெக்கிய நான் புடிச்சுக்கிட்டு நடக்கறேன், உங்க வாசல் வரைக்கும்.

வின்னி. அடி வின்னி. புள்ளையப் போத்தித் தூக்கிக்கிட்டு வா, உள்ள போறா.